கோவலன் எடுத்த முடிவு: ஒரு வணிகனின் பார்வை

சிலப்பதிகாரம் பற்றி எந்த மேடையில் பேச்சு எழுந்தாலும் ஒரு கேள்வி வராமல் இருப்பதில்லை. கோவலன் மதுரைக்குப் போனது சரியா, தவறா என்பதே அது. பட்டிமன்றங்களில் இதற்கு இரண்டு விடைகள் தயாராக இருக்கும். ஒரு சாரார், "எல்லாம் ஊழ்வினை, அவன் என்ன செய்வான்?" என்பர். மறு சாரார், "அவன் விவரம் கெட்டவன், கைப்பொருளைத் தொலைத்தான், பிறகு உயிரையும் தொலைத்தான்" என்பர். நடுவர் ஒரு நகைச்சுவை சொல்லி, இரு தரப்புக்கும் பாதிப் பாதி பங்கு கொடுத்துக் கூட்டத்தை முடித்து வைப்பார்.

இந்த இரண்டு விடைகளும் எனக்கு நிறைவு தரவில்லை. நான் கல்லூரியில் தமிழ் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, 1984இல் மைசூருக்கு வந்து, அக்ரஹாரத்தில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்துப் பிழைத்தவன். கடையில் ஆள் வராத மதிய நேரங்களில் படித்ததுதான் என் படிப்பு. ஆனால் கோவலனும் வணிகன், நானும் வணிகன். அந்த உரிமையில் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் வேறு மாதிரி கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

மேலே சொன்ன இரு சாராரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். இருவருக்கும் கதையின் முடிவு தெரியும். கோவலன் வெட்டுண்டு விழுந்ததைத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் பார்த்து, "விதி" என்றோ "மடமை" என்றோ பெயர் வைக்கிறார்கள். அந்தச் சிலம்பு நல்ல விலைக்குப் போய், அவன் மதுரையில் பெரிய கடை வைத்து, பத்து ஆண்டு கழித்துப் புகாருக்கு வண்டி வண்டியாகச் சரக்கோடு திரும்பியிருந்தால் இதே ஆட்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? "என்ன துணிச்சல் பாருங்கள், ஒற்றைச் சிலம்பை முதலாக வைத்து முன்னுக்கு வந்தான்" என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருப்பார்கள். அவன் எடுத்த முடிவு ஒன்றுதான். பலன் மாறினால் பட்டமும் மாறுகிறது.

இது நம்மவர்க்கு மட்டும் உள்ள குணம் அன்று. 1988ஆம் ஆண்டு ஜோனதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள். ஒரு மருத்துவர் நோயாளிக்கு அறுவை சிகிச்சை செய்ய முடிவு எடுக்கிறார். அவருக்குத் தெரிந்த விவரங்கள் எல்லாம் ஒன்றே. நோயாளி பிழைத்தார் என்று சொல்லிக் கேட்டால் மருத்துவரின் முடிவு நல்ல முடிவு என்கிறார்கள். இறந்தார் என்று சொல்லிக் கேட்டால் அதே முடிவுக்கு மதிப்பைக் குறைத்துப் போடுகிறார்கள். பலனை வைத்து முடிவை எடை போடுவது மனித மனத்தின் பழைய கோணல்.

அப்படியானால் எதை வைத்து எடை போடுவது? இதற்கு இளங்கோவடிகளே ஒரு தராசு கொடுத்திருக்கிறார் என்பது என் துணிபு. அதைக் காட்டுவதற்கு முன் ஊழ் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

ஊழ் எப்போது பேசுகிறது?

காப்பியத்தின் பதிகமே ஊழ்வினை விடாது என்பதை மூன்று உண்மைகளில் ஒன்றாகச் சொல்கிறது. மறுக்க முடியாது. நாடுகாண் காதையில் சாரணரும் வினையின் வலிமையைக் கவுந்தியடிகளுக்கு எடுத்துரைக்கிறார். ஆனால் அது பொதுவான போதனை. "கோவலா, நீ இன்ன பிறப்பில் இன்னது செய்தாய், ஆகவே மதுரைக்குப் போகாதே" என்று அங்கே யாரும் அவனிடம் சொல்லவில்லை. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்ற பெயரோடு இருந்தான், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான் என்ற கணக்கு எப்போது வெளிவருகிறது? இருபத்து மூன்றாவது காதையாகிய கட்டுரை காதையில். அதற்குள் கோவலன் மாண்டான், பாண்டியன் மாண்டான், மதுரை எரிந்தது. எல்லாம் முடிந்த பிறகு மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகியிடம் சொல்கிறது.

அதாவது, ஊழ் என்பது நடந்து முடிந்ததற்குப் பொருள் சொல்லும் பேரேடு. நாளைக்குக் கடை திறப்பதா வேண்டாமா என்று அந்தப் பேரேட்டைப் பார்த்து முடிவு செய்ய யாராலும் ஆகாது. ஏனென்றால் அந்தப் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை, எழுதப்பட்டிருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது.

சமணர்கள் என்றாலே எல்லாவற்றையும் வினைமேல் போட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்கள் என்று சிலர் நினைப்பதுண்டு. அது சரியன்று. ஒரு காரியம் நடப்பதற்குக் காலம், இயல்பு, நியதி, பழவினை, முயற்சி என ஐந்தும் சேர வேண்டும் என்பது எங்கள் நூல்களின் கொள்கை. நியதி ஒன்றே போதும் என்றவர்கள் ஆசீவகர். அவர்களை மறுத்து வாதம் செய்வதற்கென்றே நீலகேசியில் ஒரு தனிச் சருக்கம் உண்டு. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் அந்நூலைப் பதிப்பித்து நமக்குக் கிடைக்கச் செய்தார். முயற்சியும் ஐந்தில் ஒன்று என்றால், முயன்றவன் எப்படி முயன்றான் என்று கேட்பதற்கு இடம் இருக்கிறது. திருக்குறளிலும் ஊழுக்கு ஓர் அதிகாரம் இருப்பது போலவே தெரிந்துசெயல்வகைக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. ஊழ் உண்டு என்று நம்பியவரே ஆராய்ந்து செய் என்றும் சொன்னார்.

காளை எதிர்ப்பட்ட இடம்

இனி அந்தத் தராசுக்கு வருவோம். கொலைக்களக் காதையில், மாதரியின் வீட்டில் கண்ணகி சமைத்துப் பரிமாறிய உணவை உண்டுவிட்டு, கோவலன் ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்படுகிறான். ஆயர் சேரியை விட்டு வெளியே வரும்போது ஒரு திமிலுள்ள காளை எதிரே வருகிறது. ஆயர்கள் இதைத் தீய நிமித்தமாகக் கொள்வார்கள். கோவலன் கவனிக்காமல் போகிறான். இந்த இடத்தில் இளங்கோவடிகள் சும்மா கடந்து போகவில்லை. அது தீங்கு என்று அவன் அறியவில்லை என்று சொல்லி, உடனே காரணமும் கூட்டுகிறார்: அது அவனுடைய குலத்தார் அறிந்து வைத்திருக்கும் செய்தி அன்று.

பலரும் இதை நிமித்தம் பற்றிய குறிப்பு என்ற அளவில் படித்துவிட்டுப் போவார்கள். எனக்கு இது நீதிபதி தீர்ப்பில் எழுதும் வரி போலத் தெரிகிறது. மாடு மேய்ப்பவன் அறிய வேண்டியதை வணிகன் அறியவில்லை என்று குற்றம் சொல்லக் கூடாது என்று கவிஞர் அவனை விடுவிக்கிறார். நல்லது. ஆனால் இந்த நியாயத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. குலம் அறியாததற்குப் பழி இல்லை என்றால், குலம் அறிந்ததை அவன் செய்தானா என்று கேட்க வேண்டும் அல்லவா? வணிகர் குலம் என்ன அறியும்? சந்தை அறியும். அங்கேதான் கோவலனை நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

வணிகன் அறிந்திருக்க வேண்டியது

முதலில் அவனுக்குச் சாதகமானதைச் சொல்வோம். சிலம்பை விற்றுத் தின்பதற்காக அவன் புறப்படவில்லை. அதை முதலாக வைத்து, இழந்த பொருளை மீட்க வேண்டும் என்றுதான் கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகியிடம் சொல்கிறான். புகாரில் அவன் மானம் போய்விட்டது. மதுரையோ பெரிய சந்தை. இதில் பிழை இல்லை. அங்கே போன பிறகும் இரண்டு சிலம்பையும் எடுத்துக்கொண்டு ஓடவில்லை, ஒன்றைத்தான் எடுத்தான். முழு முதலையும் ஒரே நாளில் சந்தையில் இறக்கக் கூடாது என்பது வணிகப் பால பாடம். அதுவும் சரி.

இப்போது பதினான்காவது காதையாகிய ஊர்காண் காதையைப் பாருங்கள். மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டு, கோவலன் தனியே நகருக்குள் போகிறான். எதற்காகப் போகிறேன் என்று அடிகளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறான்: நகரத்து வணிகர்களைக் கண்டு என் நிலையைத் தெரிவித்துவிட்டு வருகிறேன் என்று. மிகச் சரியான முடிவு. புது ஊருக்கு வந்த எந்த வணிகனும் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

போனவன் என்ன செய்தான்? பல வீதிகள் வழியே நடக்கிறான். குற்றமற்ற மணிகளைத் தரம் பிரித்து வைத்திருக்கும் வீதியைப் பார்க்கிறான். பொன்னின் வகைகளைப் பிரித்து விற்கும் வீதியைப் பார்க்கிறான். அறுவை வீதி, கூல வீதி எல்லாம் பார்க்கிறான். கவிஞர் வரி வரியாக வருணிக்கிறார். ஆனால் அந்தக் காதை முழுவதும் தேடினாலும் அவன் ஒரு வணிகனிடமாவது வாய் திறந்ததாக ஒரு குறிப்பும் இல்லை. ஊரைக் கண்டு மகிழ்ந்து திரும்பினான் என்று காதை முடிகிறது. திரும்பி வந்து அடிகளிடம் ஊரின் பெருமையையும் பாண்டியன் ஆட்சியின் சிறப்பையும்தான் சொல்கிறான். போன காரியம் என்ன ஆயிற்று என்று அவனும் சொல்லவில்லை.

கொள்முதலுக்கு என்று போய் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த பையனை எங்கள் வீட்டில் பெரியவர்கள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறமும் வாய்ப்பு இருந்தது. அடைக்கலக் காதையில் மாடல மறையோன் வருகிறான். அவனும் கவுந்தியடிகளும் சேர்ந்து கோவலனிடம், நீ இன்னார் மகன் என்று தெரிந்தால் இந்த நகரத்து வணிகர்கள் உன்னை ஏற்றுக்கொள்வார்கள், பொழுது சாயும் முன் ஊருக்குள் போ என்று எடுத்துச் சொல்கிறார்கள். மாசாத்துவான் மகன் என்ற பெயர் அவனிடம் இருந்த இன்னொரு முதல். சிலம்பை விடப் பெரிய முதல் அது. மறுநாள் அந்தப் பெயரை அவன் செலவழிக்கவே இல்லை. கடைத்தெருவில் நூறு தொழிலாளர் பின்தொடர வந்த பொற்கொல்லனைப் பார்த்து, இவன் அரசனிடம் சிறப்புப் பெற்றவனாக இருக்க வேண்டும் என்று தானாகவே ஊகித்து, நேரே போய்ச் சிலம்பைக் காட்டினான்.

கடைக்காரனாகச் சொல்கிறேன். எங்கள் கடையில் பழைய பாத்திரம் எடுத்துக்கொள்வோம். முன்பின் தெரியாத ஆள் ஒருவர் கனமான பழைய குத்துவிளக்கு ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோடியில் ஒன்றுதான் இருக்கிறது. தராசில் வைப்பதற்கு முன் என் வாயில் வருவது, "யாவ ஊரு? யார மனே?" எந்த ஊர், யார் வீடு என்று. அக்ரஹாரத்தில் அவரைத் தெரிந்தவர் ஒருவர் உடன் வந்தால் பேச்சே வேறு. விளக்கு அவருடையதாகவே இருக்கலாம், அவர் உத்தமராகவே இருக்கலாம். ஆனால் விலை மதிப்புள்ள பொருள், ஜோடியில் ஒன்று, புது ஆள், அறிமுகம் செய்ய ஆள் இல்லை என்ற நான்கும் சேர்ந்தால் சந்தேகம் வரும் என்பது சந்தையில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கோவலன் குலம் இதை அறியும்.

பொற்கொல்லன் அரசியின் சிலம்பைத் திருடியவன் என்பது கோவலன் அறிய முடியாதது. அரசன் அந்த வேளையில் ஊடல் கொண்ட அரசியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தான் என்பதும் அறிய முடியாதது. அதற்கெல்லாம் அவன்மேல் பழி இல்லை, காளைக்கு இல்லாதது போலவே. பழி உண்டென்றால் இந்த ஓர் இடத்தில்தான்: கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய துணையை அவன் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? கவிஞர் நேரே சொல்லவில்லை. ஆனால் புகாரை விட்டுக் கிளம்பும்போதே, குலத்தார் சேர்த்த செல்வத்தைத் தொலைத்த வறுமை எனக்கு நாணம் தருகிறது என்று கண்ணகியிடம் சொன்னவன் அவன். வணிகர் வீதியில் நின்று "நான் மாசாத்துவான் மகன்" என்று சொன்னால் அடுத்த கேள்வி, "அப்படியா, பின்னே ஏன் இந்தக் கோலம்?" என்பதாக இருக்கும். அந்த அடுத்த கேள்விக்கு அஞ்சித்தான் வாயைத் திறக்கவில்லை என்று நான் படிக்கிறேன்.

சரி, கேட்டிருந்தால் பிழைத்திருப்பானா? "ஊழ் வேறு வழியில் வந்திருக்கும்" என்று அன்பர்கள் சொல்லலாம். இருக்கலாம். அதை நாமும் அறிய முடியாது. ஆனால் காவலர்களே அவனைப் பார்த்து, இவன் கொலைக்குரிய கள்வன் போல் இல்லையே என்று தயங்கினார்கள் என்பதை மறக்கக் கூடாது. பொற்கொல்லன் திருட்டு நூலில் உள்ள எட்டுத் துணைகளையும் விரித்துப் பேசி அந்தத் தயக்கத்தைக் கரைத்தான். கடைசியில் கல்வியறிவில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசினான். அந்தத் தயங்கிய நேரத்தில் "இவர் எங்கள் விருந்தாளி" என்று சொல்ல ஓர் உள்ளூர் வணிகன் இல்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

பாண்டியனும் மாதரியும்

இதே தராசில் பாண்டியனை நிறுத்துங்கள். கோவலன் நல்லவன் என்பது அவனுக்குத் தெரியாது, சரி. ஆனால் தன் மனைவியின் சிலம்பில் உள்ள பரல் முத்து என்பது அவனுக்குத் தெரியும். வழக்குரை காதையில் கண்ணகி கேட்டவுடன் அவனே அதைச் சொல்கிறான். கொல்லச் சொல்வதற்கு முன் சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி உடைத்துப் பார்த்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? திருப்பி எடுக்க முடியாத முடிவை, சோதிக்கக்கூடிய ஒன்றைச் சோதிக்காமல் எடுத்தான். கோவலன் பிழை தன்னைக் கொன்றது, பாண்டியன் பிழை பிறனைக் கொன்றது. அதனால்தான் மாணிக்கப் பரல் தெறித்தவுடன் அவன் ஊழ் என்று சாக்குச் சொல்லவில்லை. நானே கள்வன் என்று தன்னைத்தானே தீர்ப்புக்கு உட்படுத்தி விழுந்தான். அறிய முடியாததற்கும் அறியாமல் விட்டதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கணத்தில் அவன் உணர்ந்துவிட்டான்.

மறுபுறம் மாதரியைப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கவுந்தியடிகள் கையில் ஒப்படைக்கிறார். மாதரி தன் மகள் ஐயையைத் துணைக்கு வைத்து, தனி வீடு கொடுத்து, சமைக்கப் பாத்திரமும் பண்டமும் கொடுத்துக் காக்கிறாள். அவள் செய்யாமல் விட்டது ஒன்றும் இல்லை. அடிகளும் அப்படியே. பலனோ பெருந்துயரம். அடைக்கலத்தை இழந்தேன் என்று மாதரி தீயில் விழுந்ததையும், கவுந்தியடிகள் உண்ணா நோன்பு ஏற்று உயிர் நீத்ததையும் நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயால் கேட்கிறோம். மாதரி தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டாள். ஆனால் காப்பியத்தில் ஓர் எழுத்தாவது அவளைப் பழிக்கிறதா? இல்லை. நல்ல முடிவு கெட்ட பலனில் போய் நிற்கக்கூடும் என்பதையும், அப்போதும் அது நல்ல முடிவுதான் என்பதையும் இளங்கோவடிகள் இந்த இரண்டு பெண்களை வைத்துக் காட்டியிருக்கிறார்.

காவிரிக் கரையில் நாம்

புகாரிலிருந்து அந்த இருவரும் காவிரிக் கரையைப் பிடித்துத்தான் மேற்கே நடந்தார்கள். நாம் அதே காவிரியின் மேல்கரையில் குடியேறியவர்கள். நமக்கும் ஒரு நாள் அப்படி முடிவெடுக்க வேண்டி வந்தது. 1991 ஜூனில் நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை வந்து, டிசம்பர் 11ஆம் தேதி மத்திய அரசிதழில் வெளியானபின் பெங்களூரிலும் மைசூரிலும் தமிழர்களுக்கு நேர்ந்ததை இந்த மலரின் மூத்த வாசகர்கள் மறந்திருக்க முடியாது. எங்கள் தெருவில் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஊரிலிருந்து அண்ணன், "எல்லாத்தையும் வித்துட்டு வந்துடு" என்று சொல்லி அனுப்பினார். இருப்பதா, போவதா?

என் நிலையை மூன்று பேரிடம் மறைக்காமல் சொன்னேன். கடைக்கட்டிடத்தின் உரிமையாளரான கன்னடப் பெரியவர், சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரி, பக்கத்துக் கடைக்காரர். கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, பயம் எவ்வளவு என்பதுவரை சொன்னேன். பெரியவர், "பெயர்ப் பலகையை உள்ளே வை, சாவியை என்னிடம் கொடு, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பு, ஒரு மாதம் பார்" என்றார். அப்படியே செய்தோம். விற்றுவிட்டால் திரும்ப முடியாது, பூட்டி வைத்தால் திறக்கலாம் என்பது அவர் கணக்கு. கடை இன்றும் இருக்கிறது.

அதே தெருவில் இன்னொரு தமிழ்க் குடும்பம் கிடைத்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டுப் போனது. இன்றைக்கு அந்த மனையின் விலையைச் சொல்லி, "பாவம், அவசரப்பட்டுட்டார்" என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் அதில் சேர்வதில்லை. அவர் வீட்டில் படுக்கையில் இருந்த தாயார், வயது வந்த இரண்டு பெண்கள். அவரும் நாலு பேரைக் கேட்டுத்தான் போனார். மறுபடியும் கலவரம் மூண்டிருந்தால் அவர் அறிவாளி, நான் பைத்தியக்காரன் ஆகியிருப்பேன். மனை விலையை வைத்து அவரை எடை போடுவது பட்டிமன்றப் பேச்சாளர் கோவலனை எடை போடுவது போலத்தான்.

இன்று நம் பிள்ளைகள் முடிவெடுக்கிறார்கள். பெங்களூர் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில், கடன் வாங்கி வெளிநாட்டுப் படிப்பு, வேற்று மொழிக்காரரோடு திருமணம். பலன் என்ன என்று கேட்டால் நமக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போலப் பேசி அவர்களை மிரட்டுவதில் பயன் இல்லை. அதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேட்கலாம். உன் துறையில் இருப்பவர்கள் அறிந்ததை நீ கேட்டு அறிந்தாயா? உன் நிலையை யாரிடமாவது ஒளிக்காமல் சொன்னாயா? சரிப்படாவிட்டால் திரும்பி வர ஒரு சிலம்பு வீட்டில் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அனுப்பி வையுங்கள். பிறகு பலன் எப்படி வந்தாலும், "நான் அப்பவே சொன்னேனே" என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்காதீர்கள்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குச் சங்கம் என்று ஒன்று எதற்கு என்று இளைஞர்கள் சில சமயம் கேட்கிறார்கள். பொங்கல் விழாவுக்கும் மலருக்கும் மட்டும் அன்று. புது ஊருக்கு வந்த ஒருவர் கூச்சமில்லாமல் உள்ளே வந்து, "நான் இன்னார் மகன், இப்போது என் நிலை இது" என்று சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும். மதுரையில் அந்த இடம் இருந்தது. அடிகளும் மாடலனும் அதைக் காட்டிக்கொடுத்தார்கள். கோவலன்தான் அந்த வீதி வழியாகப் பேசாமல் நடந்து போனான்.